தெரபிக்குப் போகும் முன்: மனதில் இருக்கும் எதிர்பார்ப்பை முதலில் எழுதிப் பாருங்கள்

ஊசி போடாமல் அனுப்பும் டாக்டரை என் பாட்டி டாக்டராகவே ஒப்புக்கொள்ளமாட்டார். பெரம்பூரில் எங்கள் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி ஒருவர் இருந்தார். சாயங்காலம் ஆனால் கூட்டம் நெரியும். "கைராசிக்காரர், நாடி பிடிச்சாலே பாதி காய்ச்சல் இறங்கிடும்" என்பார் பாட்டி. டோக்கன் வாங்கிக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்ததுமே அவர் முகம் தெளிந்துவிடுவதை நானே பார்த்திருக்கிறேன்.

அதை அப்போது பாட்டியின் நம்பிக்கை என்று மட்டும் எடுத்துக்கொண்டேன். பல வருடம் கழித்து நானே உளச்சிகிச்சைக்குப் போய்வந்து, அதைப் பற்றிப் படிக்கவும் தொடங்கிய பிறகுதான் விஷயம் பிடிபட்டது. குணமாகும் என்ற எதிர்பார்ப்புக்கும் குணமாவதில் ஒரு பங்கு உண்டு. மனக் கஷ்டத்துக்கான தெரபியில் அந்தப் பங்கு இன்னும் நேரடியானது. காரணம், நீங்கள் வாராவாரம் போகவேண்டும், சொல்லக் கூசுகிற விஷயங்களைச் சொல்லவேண்டும், வீட்டில் சிலவற்றைச் செய்து பார்க்கவேண்டும். பலன் வரும் என்று நினைக்காதவர் இதையெல்லாம் எத்தனை நாளைக்குச் செய்வார்?

முதல்முறை தெரபிக்குப் போகலாமா என்று யோசிக்கும் சென்னைக்காரர்களுக்காக இதை எழுதுகிறேன். நான் உளவியலாளர் இல்லை, கணக்கு எழுதும் வேலை செய்கிறேன். படபடப்புக்காக இரண்டு பேரிடம் போய், ஒருவரிடம் பாதியில் நின்று, இன்னொருவரிடம் பத்து மாதம் தொடர்ந்தவள். அதன்பிறகு சொந்தத்திலும் அலுவலகத்திலும் ஏழெட்டுப் பேருடன் முதல் செஷனுக்குத் துணையாகப் போயிருக்கிறேன். அவர்களில் பாதியில் விட்டவர்கள் எல்லோரும் ஒரே மாதிரிதான் சொன்னார்கள்: நினைத்துப் போனது ஒன்று, அங்கே நடந்தது வேறு. அந்த வித்தியாசத்தை யாருமே தெரபிஸ்டிடம் வாய்விட்டுச் சொல்லவில்லை. நானும் முதல்முறை சொல்லவில்லை.

முதலில் போன இடத்தில் நான் பேச ஆரம்பித்துப் பத்து நிமிடம்கூட ஆகியிருக்காது. ஒரு மூச்சுப்பயிற்சி சொல்லிக்கொடுத்து, நல்லதையே நினையுங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். அடுத்த வாரமும் அதேதான். மூன்றாவது வாரம் நான் போகவில்லை. ஒன்றரை வருடம் கழித்துத்தான் இன்னொருவரிடம் போகத் தைரியம் வந்தது. அவர் என் பெயர், வயது கேட்ட கையோடு கேட்டது இது: "இங்க வந்தா என்ன நடக்கும்னு நினைச்சு வந்தீங்க?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. அப்படி ஒரு நினைப்பு என்னிடம் இருப்பதே அதுவரை எனக்குத் தெரியாது. "நீங்க ஏதாவது சொல்வீங்க. அதுபடி நடந்தா இது நின்னுடும்" என்றேன். "நிக்கலைன்னா?" என்றார். "என்கிட்டதான் கோளாறுன்னு நினைச்சுக்குவேன்" என்றேன். அன்றைக்கு மீதி நேரம் முழுக்க இதைப் பற்றித்தான் பேசினோம்.

இரண்டு விதமான எதிர்பார்ப்பு

ஆராய்ச்சியாளர்கள் இதை இரண்டாகப் பிரித்துப் பார்க்கிறார்கள். ஒன்று பலனைப் பற்றியது: இதனால் எனக்குச் சரியாகுமா, எவ்வளவு சரியாகும்? மற்றது நடைமுறையைப் பற்றியது: அங்கே யார் பேசுவார்கள், எத்தனை நாள் ஆகும், நான் என்ன செய்யவேண்டியிருக்கும்? நம்மில் பெரும்பாலோர் முதல் கேள்வியை மட்டும் சுமந்துகொண்டு போகிறோம். இரண்டாவதில்தான் தடுக்கி விழுகிறோம்.

பலன் பற்றிய எதிர்பார்ப்புக்கு எவ்வளவு வலிமை? 1992-இல் மைக்கேல் லாம்பர்ட் என்ற அமெரிக்க உளவியலாளர் சொன்ன ஒரு கணக்கு இன்றும் சுற்றிவருகிறது. தெரபியில் கிடைக்கும் முன்னேற்றத்தில் 15 சதவீதம் எதிர்பார்ப்பால் வருகிறது, குறிப்பிட்ட சிகிச்சை நுட்பங்களால் வருவதும் அதே 15 சதவீதம்தான் என்பது அந்தக் கணக்கு. அது பல ஆய்வுகளைப் படித்து அவர் குத்துமதிப்பாகச் சொன்ன பங்கீடு. அளந்து எடுத்த எண் இல்லை என்பதால் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ள வேண்டாம். பின்னாளில் அளந்தும் பார்த்தார்கள். மைக்கேல் கான்ஸ்டன்டினோவும் கூட்டாளிகளும் 2018-இல் 12,000-க்கும் மேற்பட்ட நோயாளிகளின் ஆய்வுத் தரவுகளை ஒன்றாகத் தொகுத்தார்கள். ஆரம்பத்தில் கூடுதலாக நம்பியவர்களுக்கு முடிவில் கொஞ்சம் கூடுதலாகப் பலன் கிடைத்திருந்தது. இரண்டும் எவ்வளவு சேர்ந்து நகர்கின்றன என்பதைக் காட்டும் தொடர்புக் குணகம் 0.18 (0 என்றால் தொடர்பே இல்லை, 1 என்றால் முழுத் தொடர்பு). சின்ன எண்தான், ஆனாலும் இருக்கிறது.

அது சின்ன எண்ணாக இருப்பது எனக்கு ஆறுதல் தருகிறது. நம்பிக்கையே இல்லாமல் போகிறவருக்கும் வழி அடைபடவில்லை என்றுதானே அதற்கு அர்த்தம்? என் சித்தி பையன் "அம்மா தொல்லை தாங்காம வந்தேன், எனக்கு இதுல நம்பிக்கை இல்லை" என்றுதான் முதல் நாள் ஆரம்பித்தான். தெரபிஸ்ட் அவனிடம் நம்பிக்கை வைக்கச் சொல்லவில்லை. எதனால் நம்பவில்லை என்று கேட்டார். அவன் ஒரு வருடம் போய்வந்தான்.

நடைமுறை பற்றிய எதிர்பார்ப்புக்கு ஒரு பழைய ஆய்வு உண்டு. அமெரிக்காவில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் ஜெரோம் ஃபிராங்க் என்ற மனநல மருத்துவரின் குழுவினர் 1964-இல் வெளியிட்டது. தெரபி தொடங்கும் முன்பே சிலரைத் தனியாக உட்காரவைத்து, தெரபிஸ்ட் என்ன செய்வார், நீங்கள் என்ன செய்யவேண்டும், எவ்வளவு காலம் ஆகும், நடுவில் என்ன தடுமாற்றம் வரும் என்று விளக்கினார்கள். அந்த விளக்கம் கேட்டவர்கள் மற்றவர்களைவிட ஒழுங்காக வந்தார்கள், சில அளவுகோல்களில் கூடுதலாகத் தேறவும் செய்தார்கள். நம் ஊரில் அப்படி ஒரு விளக்கம் எல்லா இடத்திலும் கிடைப்பதில்லை. அதனால் நாமே தயாராகிப் போவது நல்லது.

முதல் படி: ஒரு தாளில் எழுதுங்கள்

அப்பாயின்ட்மென்ட் வாங்குவதற்கு முன்பே இதைச் செய்துவிடுங்கள். அரைமணி நேரம் போதும். வீட்டில் தனிமை இல்லாவிட்டால் மொட்டை மாடி, பார்க், எங்கேயாவது.

முதலில் பலன். இந்தத் துறையில் டெவில்லி, போர்கோவெக் என்ற இருவர் 2000-இல் வெளியிட்ட ஆறு கேள்விப் படிவம் ஒன்று உண்டு. அதில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம், நீங்கள் என்ன நினைக்கிறீர்கள் என்று ஒரு முறையும், உள்ளுக்குள் என்ன தோன்றுகிறது என்று இன்னொரு முறையும் தனித்தனியாகக் கேட்பது. அதையே நீங்களும் செய்யலாம். "இது முடியும்போது என் கஷ்டம் எத்தனை சதவீதம் குறைந்திருக்கும்?" என்று யோசித்து ஓர் எண் எழுதுங்கள். பிறகு கண்ணை மூடி ஒரு நிமிடம் இருந்துவிட்டு, மனசு சொல்கிற எண்ணையும் எழுதுங்கள். நான் எழுதியது 70, அப்புறம் 20. அறிவுக்கும் மனசுக்கும் நடுவில் இருந்த அந்த 50 தான் எங்கள் இரண்டாவது செஷனின் முழுப் பேச்சும்.

அடுத்தது நடைமுறை. இதில் நம் ஊர் வார்த்தைகளே நம்மைக் குழப்பிவிடுகின்றன. தமிழ்நாட்டில் 'கவுன்சிலிங்' என்றால் முதலில் நினைவுக்கு வருவது இன்ஜினியரிங் சேர்க்கை. 2018-இல் அது ஆன்லைனுக்கு மாறும் முன்பெல்லாம் கட்-ஆஃப் இருக்கும், நேரில் போவோம், சீட் கிடைக்கும், வருவோம். அடுத்து நினைவுக்கு வருவது மகளிர் காவல் நிலையத்திலோ குடும்ப நீதிமன்றத்திலோ கணவன் மனைவியை உட்காரவைத்து "அனுசரிச்சுப் போங்க" என்று பேசுவது. இரண்டிலும் நம் விஷயத்தில் ஒரு முடிவு அன்றைக்கே ஆகிவிடும் என்பதுதான் நம் நினைப்பு. இந்தப் படத்தை மனதில் வைத்துக்கொண்டு தெரபிக்குப் போனால், ஐம்பது நிமிடம் நம்மையே பேசவைத்துவிட்டு "அடுத்த வாரம் பார்க்கலாம்" என்று அனுப்பும்போது ஏமாந்த மாதிரி இருக்கும்.

ஆலோசனையை எதிர்பார்ப்பது தப்பு என்று நான் சொல்லவில்லை. ஜஸ்வந்த் சிங் நேகி என்ற இந்திய மனநல மருத்துவர் 1973-இலேயே இதை எழுதியிருக்கிறார். குரு சீடர் உறவு நம் மண்ணில் ஊறிய ஒன்று, உளச்சிகிச்சைக்கு அதையே ஒரு மாதிரியாக எடுத்துக்கொள்ள முடியும் என்பது அவர் வாதம். நம்மில் பலர் தெரபிஸ்டை அண்ணன், அக்கா, குரு என்ற இடங்களில் ஏதோ ஒன்றில் வைத்துத்தான் பார்க்கிறோம். தப்பு அதில் இல்லை. அதைச் சொல்லாமல் மறைப்பதில்தான் சிக்கல். சிந்தனை நடத்தைச் சிகிச்சை என்கிற சி.பி.டி. போன்ற முறைகளில் தெரபிஸ்ட் நேரடியாகச் சொல்லிக்கொடுப்பார், வீட்டுப்பாடமும் தருவார். வேறு சில முறைகளில் கேட்பதே அதிகம். உங்களுக்கு எது வேண்டும் என்று தெரிந்தால் தேடுவதும் சுலபம்.

பயங்களையும் அதே தாளில் எழுதுங்கள், அவையும் எதிர்பார்ப்புகள்தான். 'பைத்தியம்னு எழுதிடுவாங்களோ', 'ஆபீஸுக்குத் தெரிஞ்சிடுமோ', 'ஜாதகம் மாதிரி என் குடும்பத்தையே கிளறுவாங்களோ', 'ஆரம்பிச்சா விடவே முடியாதோ'. கூடவே மறைவாக இருக்கும் ஆசைகளும்: 'என் கணவரைக் கூப்பிட்டு நாலு வார்த்தை கேட்கணும்', 'என் பக்கம்தான் நியாயம்னு யாராவது சொல்லணும்'. வெட்கப்பட வேண்டாம். நான் கூட்டிப்போன ஒருவர்கூட இந்த மாதிரி ஒன்றாவது இல்லாமல் வரவில்லை.

இரண்டாவது படி: யாரிடம், எங்கே

சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மனநல மருத்துவர் எம்.பி.பி.எஸ். படித்து அதற்கு மேல் மனநலம் படித்தவர், மருந்து எழுதுவார். மருத்துவ உளவியலாளர் பேச்சுவழிச் சிகிச்சை தருவார், மருந்து எழுதமாட்டார். அவர் இந்திய மறுவாழ்வுக் கழகத்தில், அதாவது ஆர்.சி.ஐ.-யில் பதிவு செய்திருக்கவேண்டும். பதிவு எண்ணைக் கேட்பது மரியாதைக் குறைவு இல்லை. 'கவுன்சிலர்' என்ற பலகையை மட்டும் பார்த்து உள்ளே போகாமல், என்ன படித்தார், எத்தனை வருடமாகப் பார்க்கிறார் என்று கேளுங்கள்.

தனியார் இடங்களில் கட்டணம் ஆளுக்கு ஆள் மாறும். நான் போனபோது ஒரு செஷனுக்கு 1,200 ரூபாய். மாதம் நான்கு முறை என்றால் வீட்டுச் செலவில் அது தெரியவே தெரியும். பத்து செஷனுக்கான தொகையை முன்கூட்டியே மனதில் ஒதுக்கிவிட்டுத் தொடங்குவது நல்லது. ஒவ்வொரு செஷனிலும் "இன்னைக்குக் கொடுத்த காசுக்கு என்ன கிடைச்சுது" என்று எண்ணத் தொடங்கினால் மனம் அங்கே நிற்காது.

காசு முடியாதவர்கள் அரசு மருத்துவமனைக்குப் போகலாம். கீழ்ப்பாக்கம், ஸ்டான்லி மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு உண்டு. 1794-இல் தொடங்கிய அரசு மனநலக் காப்பகமும் இருக்கிறது. அந்தக் காப்பகத்தால்தான் 'கீழ்ப்பாக்கம்' என்ற ஊர்ப் பெயரையே நம் ஊரில் ஏச்சாகச் சொல்கிறார்கள். இது எனக்கு உண்மையாகவே வருத்தம் தருகிற விஷயம், அந்த ஏச்சுக்குப் பயந்தே எத்தனையோ பேர் போகாமல் இருக்கிறார்கள். உள்ளே போனால் அங்கே இருப்பது மற்ற ஆஸ்பத்திரிகளைப் போல ஓ.பி. வரிசைதான். காலையிலேயே போய்ச் சீட்டு போடுங்கள். கூட்டத்தில் டாக்டருக்கு உங்களோடு நீண்ட நேரம் பேச முடியாது, அதை எதிர்பார்த்துப் போகாதீர்கள். "பேச்சு சிகிச்சைக்கு சைக்காலஜிஸ்ட்டைப் பார்க்கணும், எழுதிக் கொடுங்க" என்று நீங்களே கேட்கவேண்டும். மருந்து எழுதினால் அதற்கும் இதே கதைதான். மனச்சோர்வுக்கான மாத்திரைகள் வேலை செய்யத் தொடங்கவே இரண்டு முதல் நான்கு வாரம் ஆகலாம். மூன்றாம் நாள் ஒன்றும் தெரியவில்லை என்று நிறுத்திவிட வேண்டாம்.

இந்த இடத்தில் ஒன்றை அழுத்திச் சொல்லவேண்டும். உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் வந்தால் வியாழக்கிழமை அப்பாயின்ட்மென்டுக்காகக் காத்திருக்காதீர்கள். அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலி-மனஸின் 14416 என்ற எண்ணுக்கு எந்த நேரமும் அழைக்கலாம், தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை. டாக்டர் லட்சுமி விஜயகுமார் 1986-இல் சென்னையில் தொடங்கிய சிநேகா என்ற தற்கொலைத் தடுப்பு அமைப்பின் எண் 044-24640050. ஆபத்து உடனே என்றால் யாரையாவது துணைக்குக் கூட்டிக்கொண்டு பக்கத்து ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

மூன்றாவது படி: போனிலேயே கேட்டுவிடுங்கள்

அப்பாயின்ட்மென்ட் வாங்கும்போதே சில கேள்விகளைக் கேட்கலாம். ஒரு செஷன் எவ்வளவு நேரம்? 45 அல்லது 50 நிமிடம் என்பார்கள். எந்த முறையில் சிகிச்சை தருகிறார்? என் மாதிரிப் பிரச்சினைக்குப் பொதுவாக எத்தனை செஷன் ஆகும்? வர முடியாவிட்டால் எத்தனை மணி நேரம் முன்னால் சொல்லவேண்டும்?

முக்கியமாக, தமிழில் பேசலாமா? சென்னையில் பலர் ஆங்கிலத்தில் படித்துவிட்டு வந்தவர்கள், தமிழ் தெரிந்தாலும் கேள்விகள் ஆங்கிலத்தில் வரும். 'நெஞ்சு அடைக்குது', 'மனசு பாரமா இருக்கு', 'வெறிச்சுனு இருக்கு' என்பவை மூன்றும் வேறு வேறு. மூன்றையும் ஒரே ஆங்கில வார்த்தையில் அடக்கிச் சொல்லிவிட்டு வந்தால் பாதி விஷயம் வீட்டிலேயே தங்கிவிடும். பெண் தெரபிஸ்ட் வேண்டும், வயதானவர் வேண்டும் என்பதையும் சொல்லுங்கள். அது அடம் இல்லை. விருப்பத்துக்கு ஏற்றவர் அமைந்தால் பாதியில் விடுவது குறைகிறது என்று ஆய்வுகளும் சொல்கின்றன.

ஆன்லைனில் பேசுவதாக இருந்தால் இடத்தை முன்பே தீர்மானியுங்கள். போர்ஷன் வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு பேசினாலும் பேச்சு அடுத்த அறைக்குப் போகும். யாராவது கேட்பார்கள் என்று நினைத்தாலே நாக்கு கட்டிக்கொள்ளும். என் தோழி வேளச்சேரியில் நிறுத்தி வைத்த காருக்குள் உட்கார்ந்துதான் எல்லா செஷனையும் முடித்தாள்.

நான்காவது படி: முதல் செஷனில் தாளை எடுத்துவிடுங்கள்

மனப்பாடம் செய்யவேண்டியதில்லை. "நான் என்ன எதிர்பார்த்து வந்தேன்னு எழுதி வச்சிருக்கேன், படிக்கட்டுமா?" என்றால் போதும். இதைக் கேட்டு முகம் சுளிக்கும் தெரபிஸ்ட் உங்களுக்கு வேண்டாம். நல்லவர் ஒவ்வொன்றாக எடுத்து, இது இங்கே முடியும், இது முடியாது, இதற்கு இவ்வளவு நாள் ஆகும் என்று சொல்வார். கணவரைக் கூப்பிட்டுக் கண்டிக்கமாட்டேன், ஆனால் நீங்கள் விரும்பினால் அவரையும் சேர்த்து ஒரு செஷன் வைக்கலாம் என்பார்.

ரகசியத்தைப் பற்றியும் அன்றைக்கே கேளுங்கள். 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் உங்கள் விவரங்கள் ரகசியமாக இருக்கும் உரிமையைத் தருகிறது. உங்கள் உயிருக்கோ பிறருக்கோ ஆபத்து என்பது போன்ற சில விதிவிலக்குகள் உண்டு. எப்போது, யாரிடம் சொல்வார் என்று அவர் வாயாலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

பிறகு, எதை வைத்து முன்னேற்றம் என்று சொல்வீர்கள்? 'நிம்மதி வேணும்' என்பது அளக்க முடியாதது. என் இலக்கை நாங்கள் இப்படி வைத்தோம்: பெரம்பூரில் 29சி பஸ் ஏறி, நடுவில் இறங்காமல் மயிலாப்பூர் லஸ் வரை போகவேண்டும். அந்தச் சமயத்தில் நான் புரசைவாக்கத்தைத் தாண்டியதே இல்லை. நெஞ்சு படபடக்கும், இறங்கிவிடுவேன், ஆட்டோ பிடிப்பேன். ஆட்டோவுக்கு மட்டும் மாதம் எவ்வளவு போனது என்று கணக்கு எழுதுகிற எனக்கு நன்றாகவே தெரியும்.

ஐந்தாவது படி: நடுவில் வரும் பள்ளம்

பலரும் விட்டுவிடும் இடம் இதுதான். முதல் செஷனில் யாரிடமும் சொல்லாததைச் சொன்னதில் ஒரு லேசான உணர்வு வரும். இரண்டு நாள் நன்றாகத் தூங்குவீர்கள். 'அவ்வளவுதான், சரியாயிடுச்சு' என்றுகூடத் தோன்றும். மூன்றாவது, நான்காவது செஷனில் அது போய்விடும். கிளறிய பழைய விஷயங்கள் ராத்திரியில் வந்து நிற்கும். 'போறதுக்கு முன்னாடி நல்லாத்தானே இருந்தேன்' என்று தோன்றும்.

2012-இல் ஸ்விஃப்ட், கிரீன்பெர்க் என்ற இருவர் 669 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். தெரபி தொடங்கியவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர் பாதியிலேயே நின்றுவிடுகிறார். அந்த ஐந்தாமவர் நீங்களாக இருக்கக்கூடாது என்றால், பள்ளம் வரக்கூடும் என்பதை முன்பே தெரிந்து வைத்திருப்பது உதவும். என் தெரபிஸ்ட் பஸ் பயிற்சி தொடங்குவதற்கு முந்தின வாரமே சொன்னார்: "இந்த வாரம் படபடப்பு கூடும், குறையாது. கூடினா நாம சரியான இடத்துல கை வச்சிருக்கோம்னு எடுத்துக்கங்க." அவர் சொல்லாமல் இருந்திருந்தால் அந்த வாரமே நான் ஓடிப்போயிருப்பேன்.

எதிர்பார்ப்பு இன்னொரு விதத்திலும் அந்தப் பயிற்சியில் வேலை செய்தது. ஒவ்வொரு முறை பஸ் ஏறும் முன்பும் என்ன நடக்கும் என்று நான் பயப்படுகிறேனோ அதை ஒரே வரியில் எழுதவேண்டும். 'ஓட்டேரி தாண்டுவதற்குள் மயங்கி விழுவேன்' என்று எழுதினேன். இறங்கிய பிறகு என்ன நடந்தது என்று பக்கத்தில் எழுதவேண்டும். 'வியர்த்தது. கை நடுங்கியது. விழவில்லை.' நாற்பது முறைக்கு மேல் அப்படி எழுதியிருக்கிறேன், ஒரு முறைகூட விழவில்லை. பயத்துக்கான சிகிச்சையில் மிஷெல் கிராஸ்க் போன்ற ஆய்வாளர்கள் அழுத்திச் சொல்வது இதைத்தான். பயம் குறையும்வரை அங்கே நிற்பதைவிட, நடக்கும் என்று நினைத்தது நடக்காமல் போவதை மூளை நேரில் பார்ப்பது முக்கியம். அதற்கு, என்ன நடக்கும் என்று நினைத்தோம் என்பதை முன்கூட்டியே எழுதி வைத்திருக்கவேண்டும். எழுதாவிட்டால் மனசு பின்னால் மாற்றிச் சொல்லிவிடும். கைப்பிடியைக் கெட்டியாகப் பிடித்திருந்ததால்தான் விழவில்லை என்று சொல்லும். அதனால் சில நாள் கைப்பிடியை விட்டும் நின்றேன்.

எத்தனை செஷன் ஆகும் என்று கேட்பவர்களுக்கு ஒரு பழைய அளவு. 1986-இல் கென்னத் ஹவர்ட் என்ற ஆய்வாளரும் கூட்டாளிகளும் 2,400-க்கும் மேற்பட்ட நோயாளிகளின் விவரங்களைப் பார்த்தார்கள். எட்டு செஷனுக்குள் ஏறக்குறைய பாதிப் பேருக்கும், 26 செஷனுக்குள் ஏறக்குறைய முக்கால்வாசிப் பேருக்கும் முன்னேற்றம் தெரிந்தது. அமெரிக்கக் கணக்கு அது, பிரச்சினைக்குப் பிரச்சினை மாறும். ஆனாலும் இரண்டாவது செஷனில் தீர்ப்பு எழுதக்கூடாது என்பதற்கு அது போதும்.

ஆறாவது படி: வீட்டாருக்கும் எதிர்பார்ப்பு உண்டு

நம் வீடுகளில் தெரபிக்குத் தனியாள் போவதில்லை, குடும்பமே போகிறது. "எத்தனை நாள்ல சரியாகும்?" என்பார் அம்மா. "காசு கொடுத்துப் பேசணுமா, என்கிட்ட சொல்லக்கூடாதா?" என்பார் அத்தை. இந்தக் கேள்வியில் கோபத்தைவிட மனத்தாங்கல்தான் அதிகம். நான் என் அம்மாவிடம் சொன்னது: "உன்கிட்ட சொன்னா நீ ராத்திரி தூங்கமாட்டே. அந்தக் கவலையும் சேர்ந்து என்மேல ஏறும்." அதற்குப் பிறகு அம்மா கேட்கவில்லை.

வாரா வாரம் "இன்னைக்கு என்ன பேசினீங்க?" என்று கேட்கவேண்டாம் என்று முன்பே சொல்லிவிடுங்கள். பதிலுக்கு அவர்களுக்கும் ஒரு வேலை கொடுங்கள். செஷன் முடிந்து வரும் அன்றைக்குச் சமையல், பிள்ளைகளின் படிப்பு எதையாவது அவர்கள் பார்த்துக்கொள்ளட்டும். கோயிலுக்கோ தர்காவுக்கோ கூட்டிப்போனால் போய்வாருங்கள். அதையும் தெரபிஸ்டிடம் மறைக்காமல் சொல்லுங்கள். ஆனால் அங்கே யாராவது மாத்திரையை நிறுத்தச் சொன்னால் மட்டும் டாக்டரைக் கேட்காமல் நிறுத்தாதீர்கள்.

ஏழாவது படி: பலிக்கவில்லை என்று தோன்றினால்

ஆறிலிருந்து எட்டு செஷனுக்குள் அந்தத் தாளை மறுபடி எடுங்கள். இரண்டு எண்களையும் புதிதாக எழுதிப் பாருங்கள். மனசின் எண் கொஞ்சம்கூட ஏறவில்லையா? சொல்லாமல் நின்றுவிடாமல், ஒரே ஒரு முறை போய்ச் சொல்லிவிட்டு நில்லுங்கள். "எனக்கு இது நகர்ற மாதிரி தெரியலை. நீங்க என்ன நினைக்கிறீங்க?" என்ற ஒரு கேள்வி. நான் முதல் இடத்தில் இதைக் கேட்டிருந்தால் ஒன்றரை வருடம் மிச்சமாகியிருக்குமோ என்று இன்றும் நினைப்பதுண்டு. பதிலில் புது வழி ஏதாவது வந்தால் இன்னும் நான்கு செஷன் பார்க்கலாம். "உங்களுக்கு ஒத்துழைப்பு போதாது" என்று உங்கள்மேலேயே பழி வந்தால் வேறு இடம் தேடலாம்.

அந்தத் தோல்வியை அடுத்தவரிடம் கட்டாயம் சொல்லுங்கள். ஒரு முறை ஏமாந்தவரின் எதிர்பார்ப்பு குறைந்துதான் இருக்கும். அது தெரிந்தால் புதியவர் மெதுவாகத் தொடங்குவார்.

எட்டாவது படி: முடிப்பது

நன்றாக இருக்கிறது என்றதும் போன் எடுக்காமல் நின்றுவிடுவது நம் ஊர்ப் பழக்கம். அப்படிச் செய்யாதீர்கள். வாராவாரம் என்பதை இரண்டு வாரத்துக்கு ஒன்று, பிறகு மாதத்துக்கு ஒன்று என்று இடைவெளி விடச் சொல்லிக் கேளுங்கள். மூன்று மாதம் கழித்து ஒரு செஷனுக்கு இப்போதே தேதி வாங்கிக்கொள்ளுங்கள். திரும்ப வருமா என்று கேட்டால் வரலாம் என்பதுதான் நேர்மையான பதில். வந்தால் முதல் அறிகுறி என்னவாக இருக்கும், அன்றைக்கு என்ன செய்வேன் என்று கடைசி செஷனில் இருவருமாகச் சேர்ந்து எழுதுங்கள். என் தாளில் முதல் அறிகுறி: 'காரணமில்லாமல் ஆட்டோ பிடிப்பேன்.'

போன ஆவணியில் அது வந்தது. மூன்று நாள் தொடர்ந்து ஆட்டோவில் போனேன். நான்காம் நாள் தாளை எடுத்துப் பார்த்துவிட்டு, காலை ஏழரைக்கு 29சி ஏறினேன். உட்கார இடம் இல்லை. ஓட்டேரி வந்தது, புரசைவாக்கம் வந்தது, லஸ்ஸில் இறங்கிக் கையிலிருந்த நோட்டில் என்ன நடந்தது என்று எழுதினேன்.